கையெழுத்து வைக்க முதல்: வேலை இழப்பு பற்றி வாசகர் கேள்வி பதில்

2022 ஏப்ரலில் நாடு வெளிக்கடன் கட்டுவதை நிறுத்தியபோது கடைகளும் கட்டட வேலையும் படுத்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க உதவிப் பணம் நின்றதும் வடக்கில் தொண்டு நிறுவன வேலைகள் ஆட்டம் கண்டன. வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பெயர்களை எடுத்துவிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: யாழ் நகரில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் 8 வருடம் 7 மாதமாக வேலை செய்கிறேன். தலைமையகம் கொழும்பில். எங்கள் கிளையில் ஆறு பேர்தான். "செலவைக் குறைக்கிறம். நீங்களே ராஜினாமாக் கடிதம் தந்தால் மூன்று மாதச் சம்பளமும் நல்ல சேவைச் சான்றிதழும் தருவம், வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு சொல்லுங்கோ" என்கிறார் முகாமையாளர். என் சம்பளம் 60,000 ரூபா. கொடுக்கலாமா?
(பெயர் வேண்டாம், கொக்குவில்)

பதில்: வெள்ளிக்கிழமைக்குள் எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். அந்த அவசரம் உங்களுக்கானதல்ல, அவர்களுக்கானது.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, தொழிலாளி முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மற்றது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியை முன்கூட்டியே பெற வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் செல்லாது. மீண்டும் வேலையில் சேர்த்து, இடைக்காலச் சம்பளத்தையும் கொடுக்கும்படி ஆணையாளர் உத்தரவிடலாம். உங்கள் ராஜினாமாக் கடிதத்தை ஏன் இவ்வளவு பிரியமாகக் கேட்கிறார்கள் என்பது இப்போது விளங்கும். நீங்களே விலகியதாகக் கடிதம் இருந்தால் அனுமதி கேட்கும் வேலையும் இல்லை, நட்டஈடு கணக்கிடும் வேலையும் இல்லை.

சட்டம் உங்களுக்குப் பொருந்துமா என்பதற்கு இரண்டு நிபந்தனைகளைப் பாருங்கள். கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். முதலாளியிடம் முந்தைய ஆறு மாதத்தில் சராசரியாக 15 பேராவது வேலையில் இருந்திருக்க வேண்டும். "கிளையில் ஆறு பேர்தானே" என்று பலர் இதில் ஏமாறுகிறார்கள். எண்ணுவது கிளையை அல்ல, முதலாளியை. கொழும்பு, கண்டி, வவுனியா எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு.

இனிக் காசுக் கணக்கு. ஆணையாளர் அனுமதி கொடுக்கும்போது வர்த்தமானியில் உள்ள சூத்திரப்படி நட்டஈடு கணிக்கப்படும். முதல் 5 வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் 2.5 மாதச் சம்பளம். 6 முதல் 14 வரையான வருடங்களுக்கு 2 மாதம், 15 முதல் 19 வரை 1.5 மாதம், 20 முதல் 24 வரை 1 மாதம், அதற்கு மேல் அரை மாதம். மொத்தம் 48 மாதத்தைத் தாண்டாது. காசாக 25 இலட்சம் ரூபாவைத் தாண்டாது. உங்கள் 8 வருடத்துக்கு 12.5 உடன் 6 சேர்த்தால் 18.5 மாதம். 60,000 ரூபாவால் பெருக்கினால் 1,110,000 ரூபா.

பணிக்கொடை, அதாவது வேலையை விட்டுப் போகும்போது சேவைக்காலத்துக்காகத் தரும் காசு, இதற்குப் புறம்பானது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பூர்த்தியான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், அதாவது 8 x 30,000 = 240,000 ரூபா. இது நீங்களாக விலகினாலும் கிடைக்க வேண்டிய காசு. ஆகவே அவர்கள் சொல்லும் "மூன்று மாதச் சம்பளம்" 180,000 ரூபா பணிக்கொடைக்கு மேலதிகமா, அல்லது பணிக்கொடையையே உடைத்துப் பெயர் மாற்றித் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். உரிமையாக வரவேண்டியதைச் சலுகை என்று சொல்லித் தருவது புதிதல்ல.

இன்று செய்ய வேண்டியது இதுதான். முகாமையாளர் வாயால் சொன்னதை நீங்கள் எழுத்தாக்குங்கள். அலுவலக மின்னஞ்சலில் இரண்டே வரி போதும்: "இன்று என்னை ராஜினாமாச் செய்யும்படி கேட்டீர்கள். நான் விலக விரும்பவில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். தங்கள் முன்மொழிவை எழுத்தில் தரவும்." அதை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கும் ஒரு பிரதி போடுங்கள். நியமனக் கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, ஈ.பி.எவ் (ஊழியர் சேமலாப நிதி) இலக்கம் ஆகியவற்றை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அலுவலகக் கணினியைப் பூட்டினால் பிறகு எடுக்க முடியாது. வாடிக்கையாளர் விபரங்களை மட்டும் தொடாதீர்கள். அதை வைத்தே ஒழுக்காற்று விசாரணை ஒன்றைக் கிளப்பலாம். ஏதாவது கடிதத்தைக் கையில் திணித்து ஒப்பம் கேட்டால், ஒப்பத்துக்கு மேலே "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று திகதியோடு எழுதுங்கள். இந்த ஒரு வரி பின்னாளில் வாதாட உதவும்.

வேலையை நிறுத்திவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறையிட வேண்டும். தொழில் ஆணையாளரிடம் போனாலும் சரி, தொழில் நியாய சபைக்குப் போனாலும் சரி, தவணை ஆறு மாதம்தான். "பேசித் தீர்ப்பம்" என்று நிறுவனம் இழுத்தடித்து ஏழாவது மாதத்தில் கைவிரித்தால் வழியே இல்லை. இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் வழக்கு ஓட்டவும் முடியாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்று யாழ்ப்பாணத்தில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிறுவனம் உண்மையிலேயே மூழ்கிக்கொண்டிருந்தால், சூத்திரப்படி 11 இலட்சம் என்று உத்தரவு வந்தாலும் கொடுக்கக் காசிருக்காது. அப்படியான இடத்தில் குறைந்த தொகையை உடனே காசாக வாங்குவது கெட்டித்தனம். ஆனால் மற்றக் கிளைகளுக்குப் புது ஆள் எடுக்கிறார்களா, புது வாகனம் வாங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வாருங்கள். பேரம் பேசுவதானால் 18.5 மாதத்திலிருந்து கீழே இறங்குங்கள், மூன்றிலிருந்து மேலே ஏறாதீர்கள்.

கேள்வி: சுன்னாகத்தில் ஒரு புடவைக் கடையில் 6 வருடம் வேலை செய்தேன். மொத்தம் ஒன்பது பேர். "வியாபாரம் இல்லை, நாளையில இருந்து வர வேண்டாம் பிள்ளை" என்று முதலாளி சொல்லிவிட்டார். நியமனக் கடிதம் தரவில்லை. சம்பளத்தில் ஈ.பி.எவ் வெட்டினார், ஆனால் கட்டவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. எனக்கு ஒன்றுமே கிடைக்காதா?
(வாசகி, சுன்னாகம்)

பதில்: கிடைக்கும். ஆனால் முந்தைய வாசகருக்குச் சொன்ன சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. 15 பேருக்குக் குறைந்த இடம் என்பதால் ஆணையாளரின் முன் அனுமதி தேவையில்லை.

தொழில் நியாய சபையின் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கை அங்கே தடையில்லை. நிறுத்தியது நியாயமானதா என்று பார்த்து நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். பணிக்கொடையையும் அங்கேயே கேட்கலாம். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பணிக்கொடை சட்டப்படி 30 நாளுக்குள் தானாக வரவேண்டும். பிந்தினால் 10 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் வரை மேலதிகம் ஏறும். உங்களைப் போன்ற சிறு கடையில் அது சபையின் தீர்மானம். ஆறு மாதத் தவணை உங்களுக்கும் உண்டு.

ஈ.பி.எவ் விசயத்தில் முதலாளிக்குத் தப்ப வழியே இல்லை. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். நிரந்தரமா, நாட்கூலியா, பயிலுநரா என்ற வேறுபாடும் இல்லை. உங்களிடம் வெட்டுவது 8 சதவீதம், முதலாளி போடுவது 12 சதவீதம், மொத்தம் 20. அதற்கு மேல் ஈ.ரி.எவ்வுக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம் முழுதும் முதலாளியின் காசு. 30,000 ரூபாச் சம்பளம் என்றால் மாதம் 6,000 ஈ.பி.எவ், 900 ஈ.ரி.எவ். வெட்டிய காசைக் கட்டாமல் வைத்திருந்தால் தண்டக்கட்டணத்தோடு அறவிட்டு உங்கள் கணக்கில் போடும் அதிகாரம் தொழில் திணைக்களத்துக்கு உண்டு. தேவைப்பட்டால் நீதவான் நீதிமன்றம் வரை போவார்கள். நீங்கள் சட்டத்தரணி பிடிக்க வேண்டியதில்லை.

நியமனக் கடிதம் இல்லாததுதான் உங்கள் சிக்கல். வேலை செய்ததற்கு வேறு ஆதாரம் தேடுங்கள். சம்பளம் வங்கியில் விழுந்திருந்தால் வங்கிக் கூற்று போதும். கையில் தந்திருந்தால், நீங்கள் எழுதிய பில் புத்தகத்தின் படம், தீபாவளிக்குக் கடையில் எல்லோரும் எடுத்த படம், "நாளைக்கு வெள்ளனவா வா" என்று முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, கூட வேலை செய்த ஒருவரின் வாய்மொழி எல்லாம் செல்லும். செய்திகளை அழிக்காதீர்கள். புதுப் போன் மாற்றுவதானால் முதலில் பிரதி எடுங்கள். முறைப்பாட்டை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து இலக்கம் வாங்குங்கள். இலக்கம் இல்லாத முறைப்பாடு மேசையிலேயே கிடக்கும்.

கேள்வி: தொண்டு நிறுவனத்தில் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் ஏழு வருடம் இருந்தேன். "திட்டம் முடிந்துவிட்டது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தக்காரருக்கு உரிமை இல்லை என்பது உண்மையா?
(திருநெல்வேலி)

பதில்: பாதி உண்மை. ஒப்பந்தத் திகதி முடிந்து, புதுப்பிக்காமல் விட்டால் அது வழமையான முடிவு. அதை "நிறுத்தம்" என்று வாதாடுவது கடினம். இடையில், ஒப்பந்தத் திகதிக்கு முன்னரே நிறுத்தினால் கதை வேறு. முதலில் உங்கள் கடைசி ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியையும், உங்களை அனுப்பிய திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏழு ஒப்பந்தமும் ஒரு நாள் இடைவெளி கூட இல்லாமல், அதே பதவியில், அதே வேலைக்கு ஓடியிருந்தால், இது உண்மையில் தொடர் சேவை என்று வாதாட இடமுண்டு. நியாய சபை தலைப்பை மட்டும் பார்ப்பதில்லை, உள்ளே நடந்ததையும் பார்க்கும். பணிக்கொடையைத் தொடர் சேவையாகக் கணக்கிட்டுத் தரும்படி நிறுவனத்திடம் முதலில் எழுத்தில் கேளுங்கள். பல நிறுவனங்கள் திட்ட வரவுசெலவிலேயே பணிக்கொடைக்கு ஒதுக்கி வைத்திருக்கும். கேட்காதவருக்கு அது போவதில்லை. கணக்குப் பகுதியை மூடுவதற்கு முன் கேளுங்கள். திட்ட அலுவலகம் ஒருமுறை பூட்டப்பட்டால் கையெழுத்து வைக்க ஆளைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. சேவைச் சான்றிதழில் "திட்ட உதவியாளர்" என்று ஒற்றை வரியில் முடிக்க விடாதீர்கள். எத்தனை பயனாளிகள், என்ன வரவுசெலவு, எந்த மென்பொருள் என்று உங்கள் மேலதிகாரி இருக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

கேள்வி: வேலை போய்விட்டது, வயது 38. ஈ.பி.எவ் காசை எடுக்கலாமா?
(சாவகச்சேரி)

பதில்: எடுக்க முடியாது. ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. திருமணத்துக்காக வேலையை விடும் பெண், நிரந்தரமாக இயலாமற் போனவர், நிரந்தரமாக வெளிநாடு குடியேறுபவர், ஓய்வூதியமுள்ள அரச வேலைக்குப் போனவர் ஆகியோருக்கு விதிவிலக்கு உண்டு. வேலை போனது விதிவிலக்கில் இல்லை. 10 வருடப் பங்களிப்பும் கணக்கில் குறைந்தது 3 இலட்சமும் இருந்தால் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ 30 சதவீதம் வரை எடுக்கும் திட்டம் வேறு. சாப்பாட்டுச் செலவுக்கு அது இல்லை.

ஈ.ரி.எவ் எடுக்கலாம். வேலையை விட்டவர் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கேட்கலாம். பெரிய தொகையாக இராது. 60,000 ரூபாச் சம்பளக்காரருக்கு ஐந்து வருடத்தில் சேர்ந்திருப்பது வட்டி நீங்கலாக 108,000 ரூபாதான். இப்போது எடுத்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு அந்தக் கதவு மூடும். உண்மையில் முட்டுப்பட்டால் மட்டும் எடுங்கள்.

கேள்வி: ஹோட்டலில் வேலை. "ஆட்கள் வரவில்லை, இரண்டு மாதம் வீட்டில நில்லுங்கோ, சம்பளம் இல்லை" என்கிறார்கள். சிலருக்கு அரைச் சம்பளம்.
(நல்லூர்)

பதில்: தற்காலிகமாகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் 1971 சட்டத்தில் வேலையிலிருந்து நிறுத்தியதாகவே கருதப்படும். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள ஹோட்டல் என்றால் சம்மதமோ அனுமதியோ வேண்டும். சம்பளத்தைக் குறைப்பதற்கும் உங்கள் எழுத்துச் சம்மதம் தேவை. குறைத்தாலும் தேசிய ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே போக முடியாது. 2025 ஏப்ரலிலிருந்து அது 27,000, 2026 சனவரியிலிருந்து 30,000 ரூபா. நீங்கள் உண்மையில் உதவ விரும்பினால் முடிவுத் திகதி போட்டுச் சம்மதியுங்கள்: "மே, யூன் இரண்டு மாதத்துக்கு மட்டும், சேவைக்காலம் முறியாது, பணிக்கொடை பழைய சம்பளத்திலேயே கணிக்கப்படும்." கடைசி வாசகத்தை விட்டுவிடாதீர்கள். பணிக்கொடை கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் கணக்கிடப்படுவதால், அரைச் சம்பளத்தில் இருக்கும்போது நிறுத்தினால் முழுச் சேவைக்கும் அரைவாசிதான் கிடைக்கும்.

கேள்வி: கணவருக்கு வேலை போய் ஒரு மாதம். மோட்டார் சைக்கிள் லீசிங், வீட்டுக் கடன், கடன் அட்டை எல்லாம் இருக்கிறது. கையில் 4 இலட்சமும் 12 பவுண் நகையும். எதை முதலில் கட்டுவது? பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் உடனே காசு தருவதாகச் சொல்கிறார்.
(வாசகி, மானிப்பாய்)

பதில்: அந்த ஒழுங்கைக்காரரிடம் போகாதீர்கள். மீற்றர் வட்டியில் மாதம் 10 சதவீதம் என்றால் 3 இலட்சத்துக்கு மாதம் 30,000 வட்டி மட்டும். முதல் அப்படியே நிற்கும். அதே 3 இலட்சத்தை வங்கியில் நகை அடைவு வைத்து வருட வட்டி 14 சதவீதம் என்று எடுத்தால் மாதம் 3,500. பத்து மாதத்தில் ஒழுங்கைக்காரருக்கு நீங்கள் கொடுக்கும் வட்டியே வாங்கிய கடனளவு ஆகிவிடும்.

கையிலுள்ள 4 இலட்சத்தை ஒரு கடனை முழுதாக அடைக்கக் கொட்டிவிடாதீர்கள். "ஒரு பாரமாவது குறையட்டும்" என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வருமானம் இல்லாத வீட்டில் கைக்காசுதான் அரிசி. முதலில் ஆறு மாதத்துச் சமையல், மின்சாரம், தண்ணீர், மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைக் கொப்பியில் எழுதிக் கூட்டுங்கள். அதற்குப் போக மிஞ்சுவதுதான் கடனுக்கு. ரியூசனை மொத்தமாக நிறுத்த வேண்டியதில்லை. சாதாரண தரம், உயர்தரம் எடுக்கும் பிள்ளைக்குப் பலவீனமான பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்தலாம். ஆசிரியரிடம் நேரே சொன்னால் பலர் கட்டணத்தைத் தள்ளிப்போட ஒத்துக்கொள்வார்கள்.

பிறகு கடன்காரர்களிடம் போங்கள், ஆனால் தவணை தவற முன்னரே. மூன்று மாதம் தவறினால் கடன் செயற்படாக் கடன் என்ற பட்டியலில் விழும். கடன் தகவல் பணியகப் பதிவிலும் அது நிற்கும். பிறகு சலுகை கேட்பது கடினம், வேறு வங்கியில் கடன் எடுப்பதும் கடினம். வேலை போன கடிதத்தின் பிரதியோடு முகாமையாளருக்கு எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால் "பார்ப்பம்" என்பதோடு முடிந்துவிடும். மூன்று கேள்விகள்: சில மாதம் வட்டி மட்டும் கட்டலாமா? தவணைக் காலத்தை நீட்டலாமா? தாமதக் கட்டணத்தை விடுவீர்களா?

நீட்டினால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டு நீட்டுங்கள். லீசிங்கில் 5 இலட்சம் மிச்சம், வருட வட்டி 18 சதவீதம் என்று வைப்போம். 24 மாதத்தில் கட்டினால் தவணை ஏறக்குறைய 24,960 ரூபா, மொத்த வட்டி 99,000. 36 மாதமாக்கினால் தவணை 18,080, மொத்த வட்டி 151,000. மாதம் 6,900 ரூபா மூச்சு விடக் கிடைக்கிறது, அதற்கு 52,000 ரூபா விலை. உங்கள் நிலைமையில் அந்த விலை கொடுக்கத்தக்கதுதான். வேலை கிடைத்ததும் முற்கட்டணம் செலுத்தினால் தண்டம் உண்டா என்றும் அப்போதே கேட்டு வையுங்கள்.

சைக்கிளை லீசிங் கம்பனியிடம் திருப்பிக் கொடுத்தால் கடன் தீரும் என்று நினைக்கிறார்கள். தீராது. அவர்கள் விற்ற விலை போக மிச்சத்தை உங்களிடமே கேட்பார்கள். விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் கம்பனியின் சம்மதத்தோடு நீங்களே ஆளைத் தேடி விற்பது நல்ல விலைக்குப் போகும். கடன் அட்டையில் ஆகக்குறைந்த தொகையை மட்டும் கட்டிக்கொண்டு போவது இருப்பதிலேயே விலை கூடிய வழி. அட்டையை வெட்டி, மிச்சத்தைத் தவணையாக மாற்றும்படி கேளுங்கள்.

நகை விசயத்தில் விற்பதா, அடைவு வைப்பதா என்பது எப்போது மீட்க முடியும் என்பதைப் பொறுத்தது. ஒரு வருடத்துக்குள் வருமானம் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் அடைவு. 12 பவுணையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். இரண்டு பவுண், மூன்று பவுணாகப் பிரித்துத் தனித்தனிச் சீட்டில் வையுங்கள். காசு வரும்போது ஒவ்வொன்றாக மீட்கலாம், ஏலத்துக்குப் போனாலும் எல்லாம் ஒன்றாகப் போகாது. சீட்டில் உள்ள நிறையை வீட்டில் எழுதி வையுங்கள், மீட்புத் திகதிக்கு இரண்டு வாரம் முதல் போனில் நினைவூட்டல் போடுங்கள். அந்தத் திகதியில் மீட்க முடியாவிட்டாலும் வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம். தாலிக்கொடியைக் கடைசியாக வையுங்கள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக் கடனுக்கு யாராவது பிணை நின்றிருந்தால் அவரிடம் இன்றே சொல்லுங்கள். வங்கியின் கடிதத்தில் அவர் முதலில் அறிந்தால் உறவும் போகும். வங்கியோ நிதிக் கம்பனியோ எழுத்துக்குப் பதில் தராவிட்டால், மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் முறைப்பாட்டு இலக்கம் 1935.

கேள்வி: தம்பிக்கு 27 வயது, கணினி வேலை போய்விட்டது. ஒரு முகவர் போலந்தில் வேலை என்று 35 இலட்சம் கேட்கிறார். சுற்றுலா விசாவில் அழைத்துப்போய் அங்கே மாற்றித் தருவதாகச் சொல்கிறார். காணியை ஈடு வைக்கலாமா?
(பருத்தித்துறை)

பதில்: வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் வேலை விசாவாக மாற்றுவது என்ற வாக்குறுதியே போதும், அந்த ஆளை விட்டுவிடுங்கள். வேலைக்கு ஆள் எடுக்க வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் இருந்தால் மட்டும் போதாது, அந்த நாட்டுக்கு அந்த வேலைக்கு ஆள் எடுக்கப் பணியகம் அனுமதித்திருக்க வேண்டும். 1989 இலக்கத்துக்கு எடுத்து நிறுவனத்தின் பெயர், உரிம இலக்கம், வேலை உத்தரவு மூன்றையும் கேளுங்கள். முகவர் இலக்கம் சொல்ல மறுத்தால் பேச்சு முடிந்தது. காசை ஆளின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள், கடவுச்சீட்டின் மூலப்பிரதியைக் கையை விட்டு விடாதீர்கள்.

கணினி தெரிந்த இளைஞர்களுக்கு இன்னொரு வலை உண்டு. "தாய்லாந்தில் தரவு உள்ளீடு, ஆங்கிலம் தெரிந்தால் போதும், பயணச்சீட்டு இலவசம்" என்று வந்தால் நில்லுங்கள். அப்படிப் போனவர்கள் மியன்மார் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருக்கிறார்கள். 2024இல் ஐரோப்பா என்று சொல்லி அனுப்பப்பட்ட யாழ்ப்பாண இளைஞர்கள் ரஷ்யப் படையில் சிக்கியதும் நினைவிருக்கும். 35 இலட்சத்துக்குக் காணியை ஈடு வைத்துப் போனவர் பாதியில் திரும்பி வரத் துணிவதில்லை. முகவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

கேள்வி: 20 வருடம் மின் இணைப்பு வேலை தெரியும், சான்றிதழ் ஒன்றும் இல்லை. 46 வயதில் வேலை கேட்டால் "என்.வி.கியூ இருக்கா" என்கிறார்கள். இனிப் போய்ப் படிப்பதா?
(காரைநகர்)

பதில்: படிக்க வேண்டியதில்லை. முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில், வகுப்புக்குப் போகாமலே உங்கள் அனுபவத்தை மதிப்பிட்டு தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் (அதுதான் என்.வி.கியூ) தருகிறார்கள். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பம் எடுங்கள். மதிப்பீட்டாளர் வந்து, வேலையைச் செய்துகாட்டச் சொல்வார், கேள்வி கேட்பார்.

தோற்பவர்கள் கைவேலையில் தோற்பதில்லை. பாதுகாப்பு, அளவீடு, கருவிகளின் பெயர் என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். நிலத்தொடுப்புத் தடையை எப்படி அளப்பது, கசிவு மின்னோட்ட ஆளி ஏன் 30 மில்லி அம்பியரில் விழ வேண்டும், வயர் தடிப்பை எதை வைத்துத் தெரிவது என்பவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். செய்த வீடுகளின் படங்கள், வீட்டுக்காரரின் கடிதங்கள், வாங்கிய பொருள் பில்கள் எல்லாவற்றையும் ஒரு கோவையில் போடுங்கள். மூன்றாம் மட்டத்தோடு நிற்காமல் நான்காம் மட்டத்தையே குறிவையுங்கள். வெளிநாட்டு வேலைக்கும் உள்ளூர் ஒப்பந்தத்துக்கும் கேட்பது பெரும்பாலும் அதைத்தான்.

கேள்வி: அவருக்கு வேலை போனது எனக்கு வேறு ஆள் மூலம்தான் தெரியும். இன்னும் காலையில் சேர்ட் போட்டு வெளிக்கிட்டுப் போகிறார். நித்திரை இல்லை, கதைப்பதும் இல்லை.
(வாசகி, அரியாலை)

பதில்: "ஏன் மறைச்சனீங்கள்" என்று தொடங்காதீர்கள். "எனக்குத் தெரியும், கணக்கைச் சேர்ந்து பார்ப்பம்" என்று கொப்பியோடு உட்காருங்கள். மாமா, மச்சானிடம் சொல்வதை அவருடைய முடிவுக்கு விடுங்கள். இங்கே ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்பது அவருக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பியிருந்தாலோ, "நான் இருந்தென்ன" என்ற மாதிரிக் கதை வந்தாலோ காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. யாழ் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவிலும் காட்டலாம். குடி கூடியிருந்தால் அதையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கடைசி நாளில் லப்டொப், கம்பனி மோட்டார் சைக்கிள் எல்லாம் கையளிக்க வேண்டும். எதையாவது கவனிக்க வேண்டுமா?
(கோப்பாய்)

பதில்: ஒவ்வொன்றுக்கும் கையளித்த பற்றுச்சீட்டு வாங்குங்கள். லப்டொப்பின் தொடர் இலக்கம், சைக்கிளின் கிலோமீற்றர், கீறல் இருக்கும் இடம் வரை படம் எடுத்து, வாங்குபவரின் ஒப்பத்தோடு வையுங்கள். இறுதிக் கணக்கில் "சேதம்" என்று ஒரு வரி போட்டுப் பணிக்கொடையில் கைவைக்கப் பார்ப்பார்கள். எடுக்காத வருடாந்த விடுமுறைக்கான காசைக் கேளுங்கள். "முழுமையாகத் தீர்க்கப்பட்டது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வாசகம் உள்ள சீட்டில், காசு வங்கியில் விழுந்து நீங்கள் கூட்டிப் பார்த்த பிறகு ஒப்பம் வையுங்கள். கம்பனியின் வைத்தியக் காப்புறுதி எந்தத் திகதி வரை ஓடும் என்றும் கேளுங்கள். பல் பிடுங்குவது, கண்ணாடி மாற்றுவது போன்றவை இருந்தால் அதற்கு முதல் செய்துவிடுங்கள்.